பகத்சிங்கை நடுகல்லாக்குவோர்

தாராவியில் வாழும் தோழர் ஒருவர் சென்ற மாதம் அஞ்சலில் ஒரு சிறுநூலை அனுப்பியிருந்தார். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகனுக்குக் கட்டுரைப் போட்டியில் பரிசாகக் கிடைத்த தமிழ் நூல் அது. புகழ்பெற்றோர் ஐம்பது பேரின் வாழ்வையும் சாதனையையும் ஆளுக்கு மூன்று பக்கம் என்று அளந்து தரும் வகையைச் சேர்ந்தது. நூலுக்குள் வைத்திருந்த துண்டுச் சீட்டில் தோழர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: “பகத்சிங் பக்கத்தைப் பாருங்கள், இது நம்முடைய பகத்சிங்தானா?”

பார்த்தேன். ஒரு பேரரசருக்கும் ஓர் அறிவியலாளருக்கும் நடுவே பகத்சிங் நிற்கிறார். மஞ்சள் தலைப்பாகை, முறுக்கிய மீசை, கையில் கைத்துப்பாக்கி. சிறுவயதில் வயலில் துப்பாக்கி விதைக்கப் போன கதை இருக்கிறது. ஜாலியன்வாலாபாக் மண்ணைக் குப்பியில் அள்ளிவந்த கதை இருக்கிறது. வீட்டார் பேசிய திருமணத்தை மறுத்து ஊரைவிட்டுப் போனது, சாண்டர்சைச் சுட்டது, சட்டமன்றத்தில் குண்டு வீசியது, தூக்குக் கயிற்றை முத்தமிட்டது எல்லாம் இருக்கின்றன. பிறகு “பாரத அன்னையின் மடியில் துயில் கொண்டார்” என்று கதை முடிகிறது. பழைய பழக்கத்தால் எண்ணிப் பார்த்தேன். மூன்று பக்கத்தில் ‘வீரம்’ என்ற சொல் ஒன்பது முறை வருகிறது. ‘சோசலிசம்’ ஒருமுறைகூட இல்லை. ‘தொழிலாளி’ இல்லை. ‘நாத்திகம்’ இருக்குமென்று யாரும் எதிர்பார்க்கப் போவதில்லை. ‘புத்தகம்’ என்ற சொல்கூட இல்லை.

இந்நூலில் பிழையான ஆண்டு ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1907, 1928, 1929, 1931 அனைத்தும் சரியாகவே அச்சாகியுள்ளன. பொய் சொன்னால் மறுக்கலாம். ஒரு மனிதன் என்ன செய்தான் என்பதை மட்டும் சொல்லி, ஏன் செய்தான் என்பதை விழுங்கிவிட்டால் மறுப்பதற்குக் கைக்கு எதுவும் அகப்படாது. இந்தத் திறமை ஏதோ ஒரு பதிப்பகத்தின் தனிச்சொத்தன்று. ஆண்டுதோறும் மார்ச் 23 அன்று ஆளும் கட்சியின் பதாகைகளிலும் தொலைக்காட்சித் திரைகளிலும் காண்பது இதே பகத்சிங்கைத்தான். அந்தப் பெருஞ்சரக்கின் சில்லறை விற்பனைதான் இந்தச் சிறுநூல்.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு நடுகல் நினைவுக்கு வருகிறது. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுக்கும் சடங்கைத் தொல்காப்பியம் காட்சியில் தொடங்கி வாழ்த்தலில் முடியும் ஆறு துறைகளாக வகுத்தது. பொருத்தமான கல்லைத் தேடிக் கண்டு, நீராட்டி, நட்டு, பெயரும் புகழும் பொறித்து, மயிற்பீலி சூட்டி, கள் படைத்து வணங்குவார்கள். நடுகல் மரபை நான் இழித்துரைக்கவில்லை. ஆநிரை மீட்கச் சென்று மாண்ட பெயர் தெரியாத எளிய மனிதனுக்கு ஊர் செலுத்திய நன்றி அது. ஆனால் கல்லாக நின்றவனோடு எவரும் வாதிடுவதில்லை. அவனும் எவரையும் கேள்வி கேட்பதில்லை. கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஓர் இளைஞனை இப்படிக் கல்லாக்கி, பீலி சூட்டி நிறுத்துவதற்குக் காரணம் உண்டு.

முதலில் அந்தத் தலைப்பாகையை எடுத்துக்கொள்வோம். பகத்சிங்கின் உண்மையான ஒளிப்படங்களாக ஆய்வாளர்கள் ஏற்பவை நான்கே. சிறுவயதுப் படம் ஒன்று, லாகூர் தேசியக் கல்லூரிக் குழுப்படம் ஒன்று, 1927இல் காவல் துறையின் பிடியில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருக்கும் படம் ஒன்று, 1929 ஏப்ரலில் தில்லி காஷ்மீரி கேட் பகுதியில் எடுத்த தொப்பிப் படம் ஒன்று. மஞ்சள் தலைப்பாகை இவற்றில் எதிலும் இல்லை; அது ஓவியர்களின் கற்பனை. முடியை வெட்டி, தாடியை மழித்து, ஐரோப்பியத் தொப்பி அணிந்து, தானே தெரிந்தெடுத்துப் பதிவு செய்துவிட்டுப் போன முகம் அவருக்கு இருக்கிறது. அந்த முகம் எந்த மதத்துக்கும் உரியதாக இல்லை என்பதுதான் சிலருக்குச் சிக்கல். 2008இல் நாடாளுமன்ற வளாகத்தில் நிறுவிய வெண்கலச் சிலைக்கும் தலைப்பாகையே சூட்டினார்கள். ஆடை சிறு செய்தி என்று தோழர்கள் சொல்லக்கூடும். ஆடையை மாற்றத் துணிந்தவர்கள் அதோடு நிற்கவில்லை.

சிறுநூல் சொல்கிறது: “வெள்ளையரை அச்சுறுத்தச் சட்டமன்றத்தில் குண்டு வீசினார்.” எதற்காக அந்த நாளில், அந்த மணியில் வீசினார்? 1929 ஏப்ரல் 8 அன்று தில்லி மத்தியச் சட்டமன்றத்தின் முன் இருந்தவை இரண்டு மசோதாக்கள். ஒன்று பொதுப் பாதுகாப்பு மசோதா. இந்தியத் தொழிலாளர்களிடையே பணியாற்ற வந்த வெளிநாட்டுக் கம்யூனிஸ்டுகளை நாடுகடத்துவதற்காக வந்தது. மற்றொன்று தொழில் தகராறுகள் மசோதா. ஆதரவு வேலைநிறுத்தங்களைச் சட்டவிரோதமாக்கவும், பொதுப்பயன் சேவைகளில் முன்னறிவிப்பில்லாத வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கவும் வந்தது. அதற்குச் சில நாள்கள் முன்பு, மார்ச் 20 அன்று, நாடெங்கும் தொழிற்சங்கத் தலைவர்கள் 31 பேரை வளைத்துப் பிடித்து மீரட் சதி வழக்கைத் தொடங்கியிருந்தது அரசு. பகத்சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் வீசிய துண்டறிக்கை இந்த மசோதாக்களையும் தொழிலாளர் தலைவர்களின் கைதுகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆள் இல்லாத இடம் பார்த்து எறிந்த குண்டுகளால் ஒருவரும் சாகவில்லை. இருவரும் தப்பியோட முயலவுமில்லை. நின்று முழக்கமிட்டுக் கைதானார்கள். துண்டறிக்கையை மறைத்துவிட்டுக் குண்டை மட்டும் காட்டும் வேலையைப் பிரிட்டிஷ் அரசு வழக்கறிஞர் அன்றைக்குச் செய்தார். இன்றைய வாழ்க்கை வரலாற்று நூல்கள் அதையே பக்தியோடு செய்கின்றன.

அந்த மண்டபம் பின்னர் மக்களவை ஆயிற்று. 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் வெளியேறி நின்ற வேளையில், தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தை நிறைவேற்றிய மக்களவை அதுவே. முன்பு பொதுப்பயன் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்பு விதியை அச்சட்டம் எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்தது. 14 நாள் அறிவிப்புக் கொடுக்காமல் வேலைநிறுத்தம் செய்தால் சட்டவிரோதம். வெள்ளைக்காரன் 1929இல் சில தொழில்களுக்கு மட்டும் கேட்டதை இவர்கள் நாடு முழுமைக்கும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மார்ச் 23 அன்று அவர்களே மாலையும் போட்டார்கள். பகத்சிங் எதை எதிர்த்துக் குண்டு வீசினார் என்ற ஒரு வாக்கியத்தைப் பாடநூலிலும் பரிசுநூலிலும் விட்டுவைத்தால், மாலை போடும் கை நடுங்கும்.

அடுத்தது மதம். தேசத் தியாகி என்ற பொதுப்பெயருக்குள் பகத்சிங்கை அடைத்து, அந்தத் தேசத்துக்கு ஒரு மதத்தையும் மெல்லப் பூசிவிடுவது இப்போதைய உத்தி. 1928 ஜூனில் ‘கிர்தி’ என்ற பஞ்சாபி இதழில் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளைப் படித்த எவரும் இந்தத் துணிச்சலைக் கொள்ள முடியாது. ‘கிர்தி’ என்றால் உழைப்பாளி. வகுப்புக் கலவரங்களைப் பற்றிய கட்டுரையில், மதத் தலைவர்களையும் செய்தித்தாள்களையும் அவர் கூண்டில் ஏற்றுகிறார். மக்களுக்கு அறிவூட்ட வேண்டிய இதழியல் பகைமூட்டும் தொழிலாகிவிட்டது என்று நொந்துகொள்கிறார். கலவரங்களின் வேர் வயிற்றில் இருக்கிறது, வர்க்க உணர்வுதான் மருந்து என்று வாதிடுகிறார். கல்கத்தாவில் கலவரம் நடந்தபோது தொழிற்சங்கங்களில் இருந்த தொழிலாளர்கள் ஒருவரோடொருவர் மோதவில்லை என்பதைச் சான்றாகக் காட்டுகிறார். இரவு எட்டு மணிச் செய்தி விவாதங்களைப் பார்த்துவிட்டு இக்கட்டுரையைத் தமிழாக்க உட்கார்ந்தால் எந்த ஆண்டில் இருக்கிறோம் என்ற ஐயமே வந்துவிடுகிறது.

இன்னொரு கட்டுரை தீண்டாமையைப் பற்றியது. ‘வித்ரோகி’, அதாவது கலகக்காரன், என்ற புனைபெயரில் வந்தது. நாயை அடுக்களைக்குள் விடுகிறவர்கள் மனிதன் தொட்டால் தீட்டு என்கிறார்களே என்ற கேள்வி அதில் உண்டு. ஆனால் இரக்கத்தோடு அக்கட்டுரை நின்றுவிடவில்லை. ஒடுக்கப்பட்டோரை நேராக விளித்து, நீங்களே மெய்யான பாட்டாளிகள், பிறர் வந்து உயர்த்துவார்கள் என்று காத்திராமல் உங்கள் சொந்த அமைப்பில் திரளுங்கள், அதிகாரவர்க்கத்தின் வலையிலும் விழாதீர்கள் என்கிறது. எழுதியபோது அவருக்கு வயது 20. மூன்று பக்க வரலாற்றில் துப்பாக்கி விதைத்த கதைக்கு இடம் இருந்தது. இதற்கு இடம் இல்லை.

லாலா லஜபதி ராய்க்காகப் பழிதீர்த்தவர் என்று பகத்சிங்கைப் பாராட்டுவோர் மற்றொரு செய்தியைச் சொல்வதேயில்லை. லஜபதி ராய் இந்து வகுப்புவாத அரசியலின் பக்கம் சாய்ந்தபோது, அவரைக் கடுமையாக எதிர்த்த இளைஞர்களில் பகத்சிங்கும் ஒருவர். ராயின் படத்தை அட்டையில் போட்டு, உள்ளே இராபர்ட் பிரௌனிங் எழுதிய ‘இழந்த தலைவன்’ கவிதையை மட்டும் அச்சிட்டு ஒரு துண்டு வெளியீடு கொண்டுவந்தார்கள். வேறு ஒரு வசைச்சொல்லும் அதில் இல்லை. அதே ராய் சைமன் குழு எதிர்ப்பு ஊர்வலத்தில் தடியடிபட்டு இறந்தபோது, அந்த அடி ஒரு நாட்டின் மீது விழுந்த அடி என்று கருதி எழுந்ததும் அதே இளைஞர்கள்தாம். கருத்தில் சமரசமில்லை, ஏகாதிபத்தியத்துக்கு எதிரே பிளவுமில்லை. இந்த நுட்பத்தைப் பாடமாகச் சொல்லித்தர எத்தனை நல்ல வாய்ப்பு! அவர்களுடைய நவஜவான் பாரத சபை மதவாத அமைப்புகளோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதைத் தன் விதிகளிலேயே எழுதி வைத்திருந்தது. கான்பூரில் ‘பிரதாப்’ இதழில் பகத்சிங்குக்கு இடமளித்துப் பழக்கிய கணேஷ் சங்கர் வித்யார்த்தி, தம் மாணவன் தூக்கிலேறிய இரண்டாம் நாள், 1931 மார்ச் 25 அன்று, கான்பூர்க் கலவரத்தில் மக்களைக் காக்கப் போய் வெட்டுண்டு மாண்டார். மார்ச் 23க்கு மாலை போடுவோர் மார்ச் 25ஐ நாள்காட்டியில் தேடிப் பார்க்கட்டும்.

இப்போது சாவர்க்கருக்கு வருகிறேன். ஒரே பதாகையில் பகத்சிங் ஒரு பக்கம், சாவர்க்கர் மறுபக்கம் என்று அச்சிடுவது வழக்கமாகிவிட்டதால் வந்தே தீர வேண்டியிருக்கிறது. சாவர்க்கர் 1911இல் அந்தமான் சிறையை அடைந்தார். அதே ஆண்டில் முதல் கருணை மனு போயிற்று. 1913 மனுவில், தம்மை விடுவித்தால் அரசு விரும்பும் எந்த நிலையிலும் பணியாற்ற ஆயத்தமாக இருப்பதாக எழுதினார். பகத்சிங், சுகதேவ், ராஜகுரு மூவரும் 1931 மார்ச் மாதத்தில் பஞ்சாப் ஆளுநருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். பேரரசின் மீது போர் தொடுத்ததாகத்தானே எங்களுக்குத் தண்டனை, அப்படியானால் நாங்கள் போர்க் கைதிகள், எங்களைத் தூக்கிலிடாமல் படையை அனுப்பிச் சுட்டுக் கொல்லுங்கள் என்பது அதன் சாரம். இரண்டும் சிறையிலிருந்து அரசுக்குப் போன மனுக்கள்தாம். அந்தமான் சிறையின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதில் செக்கிழுத்தவர்களின் வேதனை பெரிது. இரு மனிதரையும் ஒரே பதாகையில் ஒட்டும் பசை எது என்பதே என் கேள்வி. காந்தியைத் திட்டுவதற்கு மட்டும் பகத்சிங்குக்காகக் கண்ணீர் வடிக்கும் கூட்டத்துக்கும் இதே கேள்வி பொருந்தும்.

பகத்சிங்கின் தந்தை கிஷன் சிங் 1930 செப்டம்பரில் சிறப்புத் தீர்ப்பாயத்துக்கு ஒரு மனு கொடுத்தார். சாண்டர்ஸ் கொலையுண்ட நாளில் தம் மகன் லாகூரிலேயே இல்லை என்று மெய்ப்பிக்க வாய்ப்புக் கேட்ட மனு. பெற்ற மனம் வேறென்ன செய்யும்? செய்தி அறிந்த மகன் அக்டோபர் 4 அன்று தந்தைக்கு எழுதிய கடிதம் படிக்கக் கடினமானது. என் கொள்கையை விட என் உயிர் பெரிதென்று ஒருநாளும் நினைத்ததில்லை, இதை வேறு யார் செய்திருந்தாலும் துரோகம் என்றே சொல்லியிருப்பேன் என்ற பொருளில் எழுதுகிறார். அக்டோபர் 7 அன்று தீர்ப்பு. இடைப்பட்ட அந்த நாள்களில்தான் ‘நான் ஏன் நாத்திகன்’ கட்டுரை உருவாயிற்று.

அந்தக் கட்டுரை தொடங்குவதே புகழைப் பற்றித்தான் என்பதை, புகழ்பெற்றோர் வரலாறு எழுதுவோர் கவனிக்க வேண்டும். லாகூர்ச் சிறையில் இருந்த முதிய கதர் வீரர் பாபா ரந்தீர் சிங், புகழ் உன் தலைக்கேறிவிட்டது, அகந்தையே உனக்கும் கடவுளுக்கும் நடுவே திரையாக நிற்கிறது என்று அவரைக் கடிந்துகொண்டார். அதற்கான விடைதான் கட்டுரை. 1926 இறுதிக்குள்ளாகவே, எந்தப் புகழும் வருமுன்னரே, தாம் கடவுள் மறுப்பாளராகிவிட்டதை அவர் எடுத்துக்காட்டுகிறார். பக்கூனினையும் மார்க்சையும் லெனினையும் டிராட்ஸ்கியையும் படித்த வரிசையைச் சொல்கிறார். தூக்குமேடைக்குச் சில அடி தொலைவில் நிற்பவனுக்குப் பிரார்த்தனை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அறிந்தே அதைத் தள்ளுகிறார். மஞ்சள் தலைப்பாகை சூட்டுவோரும் காவிக்கொடி போர்த்துவோரும் ஒருசேர அஞ்சும் ஆவணம் இது.

நம் மொழிக்கு இந்த ஆவணத்தோடு தனி உறவு உண்டு. பகத்சிங் தூக்கிலிடப்பட்ட ஆறாம் நாள், 1931 மார்ச் 29 அன்று, ‘குடி அரசு’ அவரைப் பற்றித் தலையங்கம் எழுதியது. 1930களின் நடுப்பகுதியில் ப. ஜீவானந்தம் அக்கட்டுரையைத் தமிழாக்கினார், ஈ.வெ.ரா.வின் தமையன் ஈ.வெ. கிருஷ்ணசாமி வெளியிட்டார். வெளியிட்டவரும் மொழிபெயர்த்தவரும் கைதானார்கள். அந்த வழக்கின் பின்விளைவுகள் வேறொரு கட்டுரைக்குரியவை. இங்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. தமிழில் பகத்சிங்கின் கருத்து நுழைந்தது ஒரு மொழிபெயர்ப்பின் வழியாக. அதற்காக ஒரு மொழிபெயர்ப்பாளர் சிறைக்குப் போனார். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் அறிக்கை பெயர்த்துவிட்டு முதுகு வலிக்கிறது என்று முனகும் என்னைப் போன்றோருக்கு அவ்வப்போது நினைவுக்கு வர வேண்டிய செய்தி இது.

மொழிபெயர்ப்பு என்று வந்ததால் ஒரு சொல்லைப் பற்றியும் பேச வேண்டும். 1931 பிப்ரவரி 2 தேதியிட்டு இளம் அரசியல் ஊழியர்களுக்குப் பகத்சிங் எழுதிய ஆவணத்தில், தாம் ‘டெரரிஸ்ட்’ அல்ல என்று உரத்துச் சொல்கிறார். புரட்சி வாழ்வின் தொடக்க காலத்தில் ஒருவேளை அப்படி இருந்திருக்கலாம் என்றும் ஒப்புக்கொள்கிறார். அச்சொல்லை ‘பயங்கரவாதி’ என்று பெயர்த்தால், இன்றைய வாசகர் காதில் விழுவது சந்தையில் குண்டு வைத்து அப்பாவிகளைக் கொல்பவன் என்ற பொருள். ‘தீவிரவாதி’ என்றால் அரசின் பத்திரிகைக் குறிப்பு வாடை அடிக்கிறது. அந்தக் காலத்தில் அச்சொல் குறித்தது, மக்களைத் திரட்டாமல் ஒரு சிலரின் ஆயுதச் செயலாலேயே ஆட்சியை அசைத்துவிடலாம் என்ற அரசியல் வழியை. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் ‘பயங்கரவாதி’ என்றே பெயர்த்தேன், அது தவறு. இப்போது ‘தனிநபர் சாகச வழியினன்’ என்று எழுதுகிறேன். நீளம்தான், காதுக்கு இனிமையும் இல்லை. ஆனால் பகத்சிங் தம்மைப் பற்றிச் செய்துகொண்ட விமர்சனம் அதில் தப்பிப் பிழைக்கிறது.

அந்த விமர்சனம்தான் அவருடைய வாழ்வின் ஆகப்பெரிய சாதனை என்று நான் கருதுகிறேன். 1928 செப்டம்பரில் தில்லி பெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளுக்கிடையே கூடி, தங்கள் அமைப்பின் பெயரில் ‘சோசலிஸ்ட்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டுமென்று வாதாடி வென்றவர் அவர். சிறையில் 404 பக்கக் குறிப்பேட்டில் மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின் முதல் ரூசோ, தாமஸ் பெய்ன், உமர் கய்யாம் வரை படித்தவற்றைக் குறித்து வைத்தார். முடிவில், குண்டுகளால் மட்டும் பயனில்லை, சிலவேளை அவை கேடும் செய்யும் என்றார். தொழிலாளர்களையும் உழவர்களையும் திரட்டும், முழுநேர ஊழியர்களைக் கொண்ட ஒரு கட்சி வேண்டும், அதன் பெயர் கம்யூனிஸ்ட் கட்சியாக இருக்கட்டும் என்று எழுதினார். வெள்ளை வைஸ்ராயின் நாற்காலியில் ஓர் இந்தியச் சீமான் வந்து உட்கார்ந்தால் உழவனுக்கு என்ன வேறுபாடு என்று பெயர் சொல்லியே கேட்டார். அப்போது அவருக்கு எஞ்சியிருந்தவை ஏழு வாரங்கள்.

எட்டாம் வகுப்புப் பையனுக்கு எழுதும் நூலில் இதையெல்லாம் எப்படி வைப்பது என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சாவைச் சொல்லலாம், கொலையைச் சொல்லலாம், தூக்குக் கயிற்றைப் படமாகவே போடலாம். தொழிலாளியின் வேலைநிறுத்த உரிமையைச் சொன்னால் மட்டும் புரியாது என்பது என்ன கணக்கு? அந்தப் பிள்ளையின் தந்தையே தோல்பட்டறைத் தொழிலாளி. வேலைநிறுத்தம் என்ற சொல்லை அவன் அகராதியில் தேட வேண்டியதில்லை.

மற்றோர் எதிர்வாதம் சற்றே கனமானது. பகத்சிங் எந்தக் கம்யூனிஸ்ட் கட்சியிலும் உறுப்பினராக இருந்ததில்லையே, அவரை நீங்கள் மட்டும் உரிமை கொண்டாடலாமா என்கிறார்கள். உறுப்பினராக இருந்ததில்லை என்பது உண்மை. அதை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. 23 வயதில் போனவர் வாழ்ந்திருந்தால் எப்படி மாறியிருப்பார் என்றும் எவராலும் சொல்ல இயலாது. வாழாத ஆண்டுகளைக் கொண்டு எவர் வரலாற்றையும் எழுத முடியாது. அவர் எழுதிவைத்ததைக் கொண்டுதான் எழுத முடியும். அவருடன் நின்றவர்கள் எங்கே போனார்கள் என்றும் பார்க்கலாம். லாகூர் வழக்கில் சான்றில்லாமல் விடுதலையான அஜய் கோஷ் பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனார். அந்தமானுக்குப் போன சிவ வர்மா வாழ்நாள் முழுதும் கம்யூனிஸ்டாக வாழ்ந்து, பகத்சிங்கின் எழுத்துகளைத் தொகுத்துப் பதிப்பித்தார்.

பட்டுகேஷ்வர் தத் ஆயுள் தண்டனை பெற்றதால் சாகாமல் பிழைத்தார். பிழைத்ததே அவர் செய்த குற்றம் போலும். சுதந்திர இந்தியாவில் பாட்னாவில் வறுமையோடு போராடி, 1965இல் தில்லி மருத்துவமனையில் இறந்தார். தம் விருப்பப்படி ஹுசைனிவாலாவில், சட்லெஜ் கரையில், மூன்று தோழர்களின் அருகே எரியூட்டப்பட்டார். சிறுநூலில் அவர் பெயர் ஓரிடத்தில் வருகிறது, எழுத்துப் பிழையோடு.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானதாகாது. நம் கிளைகளில் மார்ச் 23 எப்படி நடக்கிறது? படத்துக்கு மாலை, முழக்கம், ஒருவர் அரைமணி உரை, தேநீர். படமும் பெரும்பாலும் அதே மஞ்சள் தலைப்பாகைப் படம்தான். அச்சகத்தில் கேட்டால் அதுதான் கையிருப்பில் இருக்கிறது. ‘இன்குலாப் ஜிந்தாபாத்’ என்று முழங்குகிறோம். அம்முழக்கத்தைத் தந்தவர் ஹஸ்ரத் மொஹானி என்றோ, 1925 கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டின் வரவேற்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவரே என்றோ எத்தனை பேர் புதிய உறுப்பினருக்குச் சொல்கிறோம்? அம்முழக்கத்தைக் கேலி செய்த ‘மாடர்ன் ரிவ்யூ’ ஆசிரியருக்கு, அதன் பொருள் ஓயாத ரத்தக்களரி அல்ல என்று பகத்சிங்கும் தத்தும் 1929 இறுதியில் சிறையிலிருந்தே எழுதிய விளக்கத்தை எத்தனை கிளைகள் வாசித்திருக்கின்றன? கல் நடுவதில் நாமும் கைகொடுத்துவிட்டு, அடுத்தவன் பீலி சூட்டுகிறான் என்று குறைகூறிப் பயனில்லை.

தாராவித் தோழருக்குச் சிறுநூலைத் திருப்பி அனுப்பினேன். தீண்டாமை பற்றிய கட்டுரையின் தமிழாக்கத்தை அதனுடன் வைத்தேன். சென்ற ஞாயிறு அவர் தொலைபேசியில் அழைத்தார். கிளைக் கூட்டத்தில் மகனை விட்டே அதைப் படிக்கச் சொன்னாராம். பாதியில் ஓர் அம்மா எழுந்து, பகத்சிங் எங்களை நேராகக் கூப்பிட்டுப் பேசுகிறாரே, அங்கே போய் ஏன் ‘தீண்டத்தகாதவர்களே’ என்று போட்டிருக்கிறீர்கள், எழுதினவர் அப்படித்தான் கூப்பிட்டாரா என்று கேட்டிருக்கிறார். 1928இல் மூலத்தில் இருந்த சொல் அதுதான் என்று தோழரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைப்பில் அச்சொல்லை வரலாற்றுச் சான்றாக அப்படியே விட்டிருக்கிறேன். விளிக்கும் இடங்களில் ‘தோழர்களே’ என்று மாற்றி, ஏன் மாற்றினேன் என்று அடிக்குறிப்பும் எழுதியிருக்கிறேன். அந்த அம்மாவுக்குக் காட்டி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதும்படி தோழரைக் கேட்டிருக்கிறேன்.